பால்மாப் பேணிக்குள் 37 வெள்ளிக் குற்றிகள்: கழுவவா, உருக்கவா, வைக்கவா?

குளக்கட்டு (வட்டக்கச்சி)

வணக்கம். மூன்று வருடமாக இங்கே வாசித்துவிட்டுப் பேசாமல் போகிற ஆள் நான். இன்றைக்கு எழுத வேண்டி வந்துவிட்டது.

போன கிழமை வீட்டுக்குப் பின்னால் மலசலகூடக் குழி வெட்டும்போது அலவாங்கில் தகரம் தட்டுப்பட்டது. வெட்டிக்கொண்டு நின்ற பெடியன் அலவாங்கைப் போட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் மேலே ஏறிவிட்டான். எங்கள் பக்கத்தில் நிலத்துக்குள் இரும்புச் சத்தம் கேட்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள். அம்மாதான் வேலியடியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், அது கொப்பரின்ர பேணி" என்றா.

2008 மார்கழியில் இடம்பெயர்வதற்கு முதல்நாள் இரவு அப்பா புதைத்த பால்மாப் பேணி அது. மீள்குடியேறி வந்த பிறகு மூன்று தரம் கிண்டிப் பார்த்தோம். அவர் அடையாளம் வைத்த மாமரமும் இல்லை, பழைய கிணறும் தூர்ந்துபோய்ப் புதுக்கிணறு வேறு இடத்தில். "பதினெட்டு அடி, பதினெட்டு அடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எதிலிருந்து பதினெட்டு அடி என்பதுதான் பிரச்சினை. 2014 இல் அவர் காலமானார். பேணியை நாங்களும் மறந்துவிட்டோம்.

அப்பா 1971 இலிருந்து 1986 வரை கப்பலில் வேலை செய்தவர். போகிற துறைமுகத்தில் எல்லாம் ஒரு வெள்ளிக் குற்றியாவது வாங்கி வருவார். அம்மம்மா வீட்டுப் பழைய ரூபாக்களும் அதோடு சேர்ந்தன. இப்போது எண்ணிப் பார்த்தால் 37 இருக்கிறது.

இலங்கை 50 சதம், 25 சதம் கலந்து 9. இந்திய ரூபா 14. கொழுத்த அம்மா ஒருவரின் தலை போட்டு 1780 என்று எழுதியது 2. கழுகு போட்ட ஜேர்மன் 5 மார்க் 4. மூன்று பேர் நிற்கிற பிரான்ஸ் 10 பிராங் 3. முக்காட்டுச் சட்டைக்காரன் தலை போட்ட சுவிஸ் 5 பிராங் 2. இலங்கை 5 ரூபா 1957 ஒன்று. கென்னடி தலை அரை டொலர் ஒன்று. கடைசியாக, அப்பா உயிராக வைத்திருந்த அமெரிக்க ஒரு டொலர், 1887.

பாதிக்கு மேல் கரிச்சட்டி மாதிரி இருக்கிறது. அந்த 1887 டொலர் மட்டும் நேற்று அடித்ததுபோல மின்னுகிறது. அசல் வெள்ளி என்றால் அப்படித்தான் இருக்கும் போல.

கேள்வி இதுதான்: பழப்புளி போட்டுத் தேய்க்கலாமா? அக்காவின் மகளுக்குப் போன கிழமைதான் ஆண் குழந்தை பிறந்தது. முப்பத்தோராம் நாளுக்கு அறுணாக்கொடி செய்ய இதை உருக்கச் சொல்லி அக்கா ஒற்றைக்காலில் நிற்கிறா. எதை உருக்கலாம், எதைத் தொடக்கூடாது?

சதக்கணக்கு (வவுனியா)

தம்பி, புளியைக் குசினிக்குத் திருப்பி அனுப்பும். கையைக் கழுவிவிட்டு இதை முழுக்க வாசியும்.

கறுப்பு என்பது ஊத்தை இல்லை. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்து உண்டாகிற வெள்ளிச் சல்பைட். அது குற்றியின் மேல்தோலில் இருக்கிற வெள்ளியே உருமாறியது. புளி, தேசிக்காய், பற்பசை, திருநீறு, குத்துவிளக்கு மினுக்குகிற மா, எதைப் போட்டுத் தேய்த்தாலும் கறுப்போடு அந்தத் தோலும் போகும். தலைமுடிக் கோடு, தாடிக் கோடு, சின்ன எழுத்து எல்லாம் மழுங்கிவிடும். பிறகு அது வெள்ளை வெளேரென்று இருக்கும், ஆனால் காசு சேர்க்கிறவன் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்.

யாராவது வந்து அலுமினியத் தாள், அப்பச்சோடா, சுடுதண்ணீர் என்று சொல்லப் போகிறார்கள். அது தேய்க்கிற வேலை இல்லை, கந்தகத்தை அலுமினியம் இழுத்துக்கொள்ளும், வெள்ளி திரும்பி வரும். கொலுசுக்குச் சரி. குற்றிக்குப் போட்டால் பழைய ஒளிர்வு செத்து, சுண்ணாம்பு பூசியதுபோல ஆகிவிடும். ஒருக்கா செய்தால் செய்ததுதான்.

இப்போதைக்குக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, மண்ணை மட்டும் இளக விடும். துடைக்காமல் ஒற்றி எடுத்து வெயில் படாத இடத்தில் காய விடும்.

எனக்கு மூன்று விவரம் வேணும். ஒவ்வொன்றும் எத்தனை கிராம்? ரூபாக்களின் ஆண்டுகள் என்ன? பேணிக்குள் எப்படிச் சுற்றி வைத்திருந்தது? கடைசிக் கேள்விதான் முக்கியம். அந்த மின்னுகிற டொலர் எனக்கு நெருடுகிறது.

விண்ணாங்கு (மாங்குளம்)

நான் வட்டப்பளைப் பொங்கலுக்கு முதல் அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழைப் பற்பசையால்தான் மினுக்கினேன். சோக்காக வந்தது. அண்ணை சும்மா பயப்படுத்துகிறார்.

சதக்கணக்கு (வவுனியா)

சிமிழில் ஆண்டு போட்டிருக்கிறதோ தம்பி?

பத்தர்வீட்டுப் பிள்ளை (முள்ளியவளை)

நான் காசு சேர்க்கிற ஆள் இல்லை. மூன்று தலைமுறை நகை வேலை செய்த வீட்டில் பிறந்தவள், அதனால் உருக்குகிற கதையை மட்டும் சொல்கிறேன்.

அப்பப்பாவின் பட்டறைக்கு வெள்ளி வேலைக்கு வருகிற சனம் கட்டி வெள்ளி கொண்டு வராது. மடியில் முடிந்த ரூபாவைத்தான் அவிழ்க்கும். கொலுசு, அறுணாக்கொடி, குழந்தைக்குத் தண்டை எல்லாம் அதில்தான். காரணம் இருக்கிறது. பழைய இந்திய ரூபா சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி. பத்தர் ஏமாற்றினாலும் வாடிக்கையாளர் ஏமாந்தாலும் காசு ஏமாற்றாது, நிறுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. பத்து ரூபா கொடுத்தால் பத்துத் தோலா. தராசுக்கு மறுதட்டில் படிக்குப் பதிலாக ரூபாவையே போட்ட காலம் அது.

ஆனால் குளக்கட்டு அண்ணா, ஆண்டைப் பார்க்காமல் அடுப்பில் போடவேண்டாம். 1940 இலிருந்து 1945 வரையான ரூபாவில் பாதிதான் வெள்ளி, மிச்சத்தில் பெரும்பகுதி செம்பு. அதை உருக்கிக் கம்பி இழுத்தால் நிறம் மங்கும், குழந்தையின் வியர்வை பட்டால் பச்சை பிடிக்கும். 1947 ரூபாவில் வெள்ளியே இல்லை, நிக்கல். தெரியாமல் 1947 ஐ உருக்கக் கொண்டு வந்த ஆட்களை அப்பப்பா காந்தத்தை ஒட்டிக் காட்டித்தான் திருப்பி அனுப்புவாராம்.

எங்கள் அப்பம்மாவிடம் ஒரு விக்டோரியா ரூபா இருந்தது. அம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்தது. முள்ளிவாய்க்கால் வரை இடுப்பில் போனது, செட்டிக்குளம் முகாமுக்கும் வந்தது, திரும்ப வட்டப்பளைக்கு வந்து உண்டியலில் விழுந்தது. என்ன ஆண்டு என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. இப்போது இந்த இழையைப் பார்க்கும்போது அவிழ்த்துப் பார்த்திருக்கலாமோ என்றிருக்கிறது. சரி, அது அம்மனின் காசு.

பாசல் மாமா (சுவிஸ், சொந்த ஊர் மல்லாவி)

முக்காட்டுச் சட்டைக்காரன் என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். இங்கே இருக்கிற எங்கட ஆட்கள் பாதிப்பேர் அவனை வில்லியம் டெல் என்றுதான் நினைக்கிறார்கள். அவன் மலையில் மாடு மேய்க்கிற இடையன். 1922 இல் வந்தபோது 25 கிராம் நிறையில் பெரிய குற்றி. 1931 இலிருந்து 15 கிராம், ஆயிரத்தில் 835 பங்கு வெள்ளி. அதே தலை இன்றைக்கும் 5 பிராங்கில் இருக்கிறது, வெள்ளி மட்டும் இல்லை. 1960களின் கடைசியில் வெள்ளி விலை ஏற ஏற, குற்றியின் மதிப்பைவிட அதற்குள் இருக்கிற வெள்ளி கூடிப்போனது. சனம் அள்ளிப் பதுக்க, அரசு 1968 இல் செம்பு-நிக்கலுக்கு மாறிவிட்டது. தம்பி, உம்முடையது 1967 அல்லது அதற்கு முந்தியது என்றால் வெள்ளி. 1968 என்றால் இல்லை. 1969 இல் திரும்பவும் ஒருமுறை வெள்ளியில் அடித்தார்கள்.

கடல் இல்லாத நாட்டுக் காசு கப்பல்காரரிடம் எப்படி வந்தது என்று யாராவது கேட்பீர்கள். சுவிஸுக்குக் கப்பல்கள் இருந்தன! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1941 இல், சுவிஸ் கொடியில் சரக்குக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. கப்பலின் பின்புறத்தில் பதிவுத் துறைமுகமாக எழுதியிருப்பது பாசல், நான் இருக்கிற இந்த நகரம். தகப்பனார் அப்படி ஒன்றில் வேலை செய்தாரோ என்று அம்மாவிடம் கேட்டுப் பாரும்.

குளக்கட்டு (வட்டக்கச்சி)

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்குக் கப்பலின் பெயர்கள் ஞாபகம் இல்லை. "சிவப்புக் கொடியில் வெள்ளைச் சிலுவை போட்ட படம் ஒன்று வீட்டில் இருந்தது, அதுவும் போச்சு" என்றா.

சதக்கணக்கு அண்ணை கேட்டவை.

அப்பா மூன்றாகப் பிரித்துச் சுற்றியிருந்தார். ஐரோப்பாக் குற்றிகளும் கென்னடியும் மெழுகுத்தாளில் சுற்றிப் பொலித்தீனுக்குள். 1957 ஐந்து ரூபா ஒரு கைலேஞ்சிக்குள் தனியாக. இலங்கைச் சதங்கள், ரூபாக்கள், 1780 அம்மா இரண்டு, அமெரிக்க டொலர் எல்லாம் ஒரு சைக்கிள் ரியூப் துண்டுக்குள். இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டி, முடிச்சில் மெழுகு உருக்கி ஊற்றியிருந்தார். தண்ணீர் ஒரு சொட்டும் போகவில்லை. பேணி உக்கிவிட்டது, ரியூப் அப்படியே இருந்தது. அவரின் மூளையை மெச்சத்தான் வேணும். ஆனால் ரியூப்புக்குள் இருந்ததுதான் கூடக் கறுப்பு, அது ஏன் என்று விளங்கவில்லை.

ரூபாக்களின் ஆண்டுகள்: 1862, 1877, 1892, 1901, 1905, 1907, 1911, 1912, 1916, 1918, 1919 இரண்டு, 1944, 1945. நாளைக்குக் கிளிநொச்சியில் ஒரு நகைக்கடையில் நிறுக்கப் போகிறேன்.

சதக்கணக்கு (வவுனியா)

சைக்கிள் ரியூப்! நான் நினைத்தது சரி.

தம்பி, ரப்பரை இறுக்கமாக்கக் கந்தகம் சேர்த்துத்தான் சூடாக்குவார்கள். அது மெல்ல மெல்ல வெளியே கசியும். ஒரு வெள்ளிக் குற்றியை ரப்பர் பட்டியால் கட்டி மேசை லாச்சிக்குள் போட்டுப் பாரும், கொஞ்ச நாளில் பட்டி போன தடத்தில் கறுப்புக் கோடு விழுந்திருக்கும். இங்கே பதினைந்து வருடத்துக்கு மேல், காற்றுப் போக வழியில்லாமல், எங்கட சூட்டில் கிடந்திருக்கிறது. தண்ணீருக்குப் பயந்து செய்த வேலை, கந்தகத்துக்குள் கொண்டுபோய் விட்டிருக்கிறது. அப்பாவைக் குறை சொல்லவில்லை. அந்த இரவில் வேறு என்ன கிடைத்திருக்கும்? தண்ணீர் புகுந்திருந்தால் உப்போடு சேர்ந்து வெள்ளிக் குளோரைட் பிடித்திருக்கும், அது இதைவிட மோசம், குற்றியையே அரித்துவிடும்.

இப்போது சொல்லும். ஒரே ரியூப்புக்குள் 25 வெள்ளிக் குற்றி கரிக்கட்டையாகக் கிடக்க, ஒன்று மட்டும் மின்னுகிறது என்றால் என்ன அர்த்தம்?

பனிக்காட்டான் (ரொறன்ரோ, சொந்த ஊர் புதுக்குடியிருப்பு)

ஐயோ.

விண்ணாங்கு (மாங்குளம்)

விளங்கவில்லை. மற்றதெல்லாம் கலப்பு, அது மட்டும் சுத்த வெள்ளி என்பதால்தானே?

பத்தர்வீட்டுப் பிள்ளை (முள்ளியவளை)

மறுபக்கமாக யோசியுங்கள் தம்பி. சுத்த வெள்ளியும் கறுக்கும். கறுக்காதது வெள்ளியாக இருக்க முடியாது.

குளக்கட்டு (வட்டக்கச்சி)

நகைக்கடைக்குப் போய் வந்தேன். பேருந்தில் வரும்போதே எழுதுகிறேன்.

ரூபாக்கள் 11.4 இலிருந்து 11.65 வரை. 1780 இரண்டும் 28.0, 27.9. மார்க் 11.2. பிரான்ஸ் 25 க்கு ஒரு நூல் குறைவு. 1957 ஐந்து ரூபா 28.2. சுவிஸ் இரண்டும் 1966, 14.9. எல்லாம் நீங்கள் சொன்ன கணக்குத்தான்.

அமெரிக்க டொலர் 21.4.

சதக்கணக்கு (வவுனியா)

அது 26.73 இருக்க வேணும். தேய்ந்தாலும் ஐந்து கிராம் தேயாது.

ஒரு கடைசிச் சோதனை, வீட்டிலேயே செய்யலாம். சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்துப் பூச்சியமாக்கும். குற்றியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்க விடும், அடியிலும் பக்கத்திலும் முட்டக்கூடாது. தராசு காட்டுகிற எண்ணால் குற்றியின் நிறையைப் பிரியும். சுத்த வெள்ளிக்கு 10.49 வரும், இந்த டொலர்க் கலவைக்கு 10.3 அளவில். பித்தளை என்றால் எட்டரைப் பக்கம்.

இன்னொன்று. பின்பக்கம், கழுகின் கீழே, மாலை முடிச்சுக்கு அடியில் பூதக்கண்ணாடியால் பாரும். ஏதாவது எழுத்து இருக்கிறதா?

குளக்கட்டு (வட்டக்கச்சி)

தண்ணீரில் 2.5 காட்டியது. 21.4 ஐப் பிரித்தால் 8.56.

கழுகுக்குக் கீழே இரண்டு எழுத்து இருக்கிறது. ஆங்கிலத்தில் "சீ சீ".

பனிக்காட்டான் (ரொறன்ரோ)

சீ சீ என்பது நெவாடா மாநிலத்துக் கார்சன் சிற்றி அச்சகம். மோர்கன் டொலர் (உங்களுடைய 1887 மாதிரியான பழைய வெள்ளி டொலரின் பெயர்) சேர்க்கிறவர்கள் அந்த எழுத்துக்குத்தான் அடிபடுவார்கள், அதனால் கள்ளக்காசு அடிக்கிறவனும் அந்த எழுத்தைத்தான் போடுவான். ஆனால் உங்களுடையதை அடித்தவன் படிக்கவில்லை. கார்சன் சிற்றியில் மோர்கன் டொலர் அடித்தது 1878 இலிருந்து 1885 வரை, பிறகு 1889 இலிருந்து 1893 வரை. 1887 இல் அங்கே ஒரு டொலரும் அடிக்கவில்லை.

மன்னிக்கவும் அண்ணை. இங்கே சந்தைகளிலும் இதே கதைதான். நானும் ஒன்று வாங்கி ஏமாந்து, இப்போது அதைச் சாவிக்கொத்தில் போட்டிருக்கிறேன்.

நல்ல செய்தியும் சொல்ல வேணும். கென்னடி அரை டொலர் என்ன ஆண்டு? 1964 என்றால் ஆயிரத்துக்கு 900 வெள்ளி. 1965 முதல் 1970 வரை 400. அதற்குப் பிறகு சும்மா உலோகம்.

குளக்கட்டு (வட்டக்கச்சி)

1967.

அம்மாவிடம் டொலர் விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. 1979 இல் சிங்கப்பூரில் வாங்கியது. அந்தப் பயணத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்காமல் இதை வாங்கி வந்துவிட்டார் என்று இப்போதும் சொல்லிக் காட்டுகிற சாமான் இது.

விண்ணாங்கு (மாங்குளம்)

இதோடு சேர்த்து என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். சிநேகிதன் ஒருவனிடம் 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கொம்பனி அரை அணா இருக்கிறது, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகம். அரிசியை இழுக்குமாம், கோடிக்கணக்கில் விலை போகுமாம். வாங்கலாமா? அதோடு உலோகம் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும்போல. எத்தனை பேர் அந்த நேரத்தில் புதைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

சதக்கணக்கு (வவுனியா)

அரிசி இழுக்கிற காசு என்பது ஆளைச் சுருட்டுகிற பழைய வேலை. காசுக்குள் இரும்புத்தூளோ காந்தமோ வைத்து, அரிசியில் இரும்புப்பொடி தடவிக் காட்டுவான். கொம்பனி 1818 இல் ராமர் படம் போட்டு அரை அணா அடிக்கவே இல்லை. கொம்பனிக்காரன் சாமி படம் போட்டுக் காசு அடித்ததே கிடையாது.

பத்தர்வீட்டுப் பிள்ளை (முள்ளியவளை)

முதல் பாதி சரி அண்ணை, கடைசி வரி பிழை. 1808 அளவில் சென்னையில் கொம்பனி அடித்த வெள்ளிக் கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் தாமரையில் எழுகிற விஷ்ணு. அதில் தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும்கூட இருக்கும். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் ஒன்று இருந்தது, கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சதக்கணக்கு (வவுனியா)

ஒத்துக்கொள்கிறேன், என் வாய் கொஞ்சம் ஓடிவிட்டது. ஆனாலும் விண்ணாங்கு தம்பியின் ராமர் ராமர்தான், வாங்கவேண்டாம்.

மட்டுறுத்துநர்

கருவி வாடகைக்கு எடுக்கிற கதை இத்தோடு போதும். முதலாவது, கண்ணிவெடி அகற்றுகிற வேலை எங்கள் மாவட்டங்களில் இன்னும் முடியவில்லை. அலவாங்கை விட்டுவிட்டு ஓடிய அந்தப் பெடியன்தான் இந்த இழையிலேயே சரியாக நடந்துகொண்ட ஆள். இரண்டாவது, 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்துக்குள் கிடைக்கிற தொல்பொருள் அரசுக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் அதைத் தேடித் தோண்டுவது குற்றம். 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள் தொல்பொருள் என்று அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, மற்றவர்கள் புதைத்தது மற்றவர்களுடையது.

விண்ணாங்கு (மாங்குளம்)

சரி சரி, விட்டுவிட்டேன். ஆனால் அப்படிப் பார்த்தால் குளக்கட்டு அண்ணையின் 1780 அம்மாவும் தொல்பொருள்தானே? மாட்டிக்கொண்டாரோ?

சதக்கணக்கு (வவுனியா)

இது நல்ல கேள்வி. அந்த அம்மா ஒஸ்திரியாவை ஆண்ட மரியா தெரேசா. அவ இறந்தது 1780. ஆனால் அந்தக் குற்றியை அதற்குப் பிறகும் அதே 1780 ஐப் போட்டே அடித்துக்கொண்டிருக்கிறார்கள், வியன்னாவில் இன்றைக்கும் அடிக்கிறார்கள். எத்தியோப்பியா, யேமன், அரேபியாப் பக்கத்துச் சனம் இந்த அம்மாவின் முகத்தைத் தவிர வேறு வெள்ளியை நம்பவில்லை. கிரீடத்திலும் மார்பு ஊசியிலும் முத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவார்களாம், ஒன்று குறைந்தாலும் வேண்டாம். கோப்பிக்கும் விலை அதுதான், மணப்பெண்ணின் கழுத்திலும் அதுதான். தேவை கூட, ரோமில் அடித்தார்கள், லண்டனில் அடித்தார்கள், 1940, 41 இல் பம்பாயிலும் அடித்தார்கள்.

அதனால் செங்கடல் பக்கம் வாங்கியது என்றால் பெரும்பாலும் மறுஅச்சு. நிறை 28.07, ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, அதாவது 23.4 கிராம் சுத்த வெள்ளி ஒவ்வொன்றிலும். சேர்க்கிறவனுக்கு அரிதில்லை, ஆனால் எனக்கு உலகத்திலேயே பிடித்த குற்றி. குளக்கட்டு, எந்தத் துறைமுகம்?

குளக்கட்டு (வட்டக்கச்சி)

ஹொதைதா. பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தது என்று அம்மா சொன்னா. பழம் தின்றது ஞாபகம் இருக்கிறது, காசு ஞாபகம் இல்லை.

பாசல் மாமா (சுவிஸ்)

பிரான்ஸ் 10 பிராங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. 25 கிராம், ஆயிரத்தில் 900. நடுவில் நிற்பவர் ஹெர்குலிஸ், இரண்டு பக்கமும் நிற்கிற பெண்கள் சுதந்திரமும் சமத்துவமும். 1965 இலிருந்து 1973 வரை அடித்தது. பெரிய, அழகான, மலிவான வெள்ளிக் குற்றி, எங்கட ஆட்கள் சேர்க்கத் தொடங்கினால் இதில் தொடங்கலாம். ஜேர்மன் 5 மார்க்கில் சுத்த வெள்ளி சரியாக 7 கிராம். 1974 வரையான கழுகுக் குற்றி வெள்ளி, 1975 இலிருந்து இல்லை. ஜேர்மன் மத்திய வங்கி இன்றைக்கும் அதை யூரோவாக மாற்றிக் கொடுக்கும், 5 மார்க்குக்கு இரண்டரை யூரோ சொச்சம். வெள்ளியின் விலையே அதைவிடக் கூட, எனவே மாற்றப் போகிறவன் மடையன்.

சதக்கணக்கு (வவுனியா)

இனி அக்காவின் பிரச்சினைக்கு வருவோம். நாள் போய்க்கொண்டிருக்கிறது.

இலங்கைச் சதங்களைத் தொடவேண்டாம். (அதில் இருக்கிற மரம் பனையா தென்னையா என்று தயவுசெய்து இங்கே தொடங்கவேண்டாம், அதற்கென்று ஓர் இழை இரண்டு வருடமாக எரிந்துகொண்டிருக்கிறது.) 1917 வரையான 50 சதத்தில் ஆயிரத்துக்கு 800 வெள்ளி. முதலாம் உலகப் போர் முடிய வெள்ளி விலை எகிறி, 1919 இலிருந்து 550 ஆக இறக்கிவிட்டார்கள். அதே காரணத்துக்காக அடுத்த வருடம் பிரித்தானியாவும் தன் ஷில்லிங்கை 925 இலிருந்து 500 க்கு இறக்கியது. உருக்கினால் ஒன்றுக்கு மூன்று நாலு கிராம்தான் மிஞ்சும். வைத்திருந்தால் எங்கட நாட்டுச் சரித்திரம். 1957 ஐந்து ரூபா புத்த ஜெயந்திக்கு அடித்தது, 925 வெள்ளி. அதுவும் அப்படியே இருக்கட்டும்.

ரூபாவில் 1911 ஐப் பூதக்கண்ணாடியில் பாரும். ஐந்தாம் ஜோர்ஜின் மேலங்கியில் ஒரு சின்ன யானை இருக்கும். தும்பிக்கை கட்டையாகப் போய், அது பன்றி மாதிரித் தெரிகிறது என்று இந்தியாவில் சனம் முணுமுணுத்தது. அடித்தது 94 இலட்சம், ஏறத்தாழ 7 இலட்சம்தான் வெளியே போனது, மிச்சத்தை உருக்கிவிட்டார்கள். 1912 இல் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். உம்மிடம் 1911 உம் 1912 உம் இரண்டும் இருக்கிறது! பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் போடும்.

1862, 1877, 1892 விக்டோரியா இருக்கட்டும். 1944, 1945 அக்காவுக்கு உதவாது, பத்தர்வீட்டுத் தங்கச்சி சொன்ன காரணம்தான். உருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் 1918, 1919. கோடிக்கணக்கில் அடித்தது, எங்கும் கிடைக்கும், மனம் நோகத் தேவையில்லை.

பத்தர்வீட்டுப் பிள்ளை (முள்ளியவளை)

குழந்தைக்கு இரண்டு ரூபா போதும். உருக்குகிற சேதம் போக இருபது கிராம் அளவில் கம்பி வரும், பிஞ்சு இடுப்புக்கு அதைவிடப் பாரம் கூடாது. பத்தருக்கு முன்னால் இருந்து உருக்கச் சொல்லுங்கள், வெள்ளியை வைத்துவிட்டுப் "பிறகு வாறோம்" என்று வரவேண்டாம். என் சொந்தக்காரர்களையே சொல்கிறேன், கோபிக்கமாட்டார்கள்.

பனிக்காட்டான் (ரொறன்ரோ)

மிச்சத்தை எதில் வைக்கப் போகிறீர்கள்? அட்டை ஆல்பம் வாங்கவேண்டாம். நான் போன தடவை ஊருக்கு வந்தபோது மருமகளுக்கு மேப்பிள் இலைக் குற்றிகளும் ஓர் ஆல்பமும் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாரி முடிய ஆல்பத்தைக் கறையான் தின்றுவிட்டது, குற்றி மட்டும் மிச்சம். மெதுமெதுப்பான பிளாஸ்ரிக் உறையும் ஆகாது, எங்கட வெக்கைக்கு அது உருகிக் குற்றியில் பச்சைப் பசை விடும். விறைப்பான வட்டக் கூடு, இறுக்க மூடுகிற டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சுகிற மணிப் பொட்டலம். மாத்திரைப் போத்தலுக்குள் வருகிறதே, அது.

ரப்பர் மட்டும் வேண்டாம்!

குளக்கட்டு (வட்டக்கச்சி)

பன்றியைக் கண்டுபிடித்துவிட்டோம். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டும் தெரியவில்லை, அக்காவின் சின்ன மகன் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுப் "பன்றிதான்" என்றான்.

1919 இரண்டையும் அக்காவிடம் கொடுத்தாயிற்று. நாளைக்குப் பத்தரிடம் போகிறா. டொலரைப் பற்றியும் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தாளுக்குத் தெரியாமல் போச்சே, அதுவரைக்கும் நல்லது" என்றா. கள்ள டொலரும் டப்பாவுக்குள்தான் இருக்கும், மற்றதுகளோடு.

சதக்கணக்கு (வவுனியா)

1919 ஆ? பத்தரிடம் போகமுதல் இதையும் அக்காவிடம் சொல்லும்.

முதலாம் உலகப் போரில் இந்தியாவில் ரூபாவுக்குப் பெரும் தட்டுப்பாடு. நோட்டைக் கொடுத்துவிட்டு வெள்ளி கேட்டுச் சனம் வரிசையில் நின்றது. கொடுக்க வெள்ளி இல்லை. பிரித்தானியா அமெரிக்காவிடம் கேட்டது. 1918 ஏப்ரலில் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, அமெரிக்கா தன் களஞ்சியத்தில் கிடந்த வெள்ளி டொலர்களில் 27 கோடியை உருக்கியது. அதில் பெரும்பகுதி கட்டியாக இந்தியாவுக்குக் கப்பல் ஏறி, பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரூபாவாக அடிபட்டது. உருகிய டொலர்களில் மிகப் பெரும்பாலானவை மோர்கன் டொலர்.

ஒவ்வொரு 1919 ரூபாவிலும் அது இருக்கிறது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் இருக்க நல்ல வாய்ப்பு. அப்பா தேடியது அம்மம்மாவின் முடிச்சுக்குள்ளேயே கிடந்திருக்கலாம்.

குளக்கட்டு (வட்டக்கச்சி)

அண்ணை, இதை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அமெரிக்கக் காசோ? அப்ப இவனும் இருபது வயசில கனடாவுக்குப் போயிடுவான்" என்று சொல்லிவிட்டு, இரண்டில் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டா. அதற்குப் பதில் 1918 ஒன்றைத் தரட்டாம்.

1918 க்கும் அதே கதைதான் என்று தயவுசெய்து யாரும் இங்கே எழுதவேண்டாம். அக்காவுக்கு இந்த இழையின் இணைப்பை அனுப்பிவிட்டேன்.